லினக்ஸ் போன பிறகும் போகாத கிரப்: ஃபார்மட் போடாமல் நீக்குவது எப்படி

விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் போட்டிருந்தீர்கள், அது இருந்த பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்து ஒதுக்கிய பகுதியை) அழித்துவிட்டீர்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் விண்டோஸ் வரவில்லை. கருப்புத் திரையில் கிரப் என்று ஒரு சொல், பக்கத்தில் கர்சர் துடிக்கிறது. ஆன் செய்ததும் லினக்ஸை எழுப்பிவிடும் சின்ன புரோகிராம்தான் கிரப். இந்த நிலையில் என் கடைக்கு யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இதற்காக ஃபார்மட் போடாதீர்கள். விண்டோஸ் அப்படியே இருக்கிறது, உங்கள் ஃபைல்களும் அப்படியே இருக்கின்றன. விண்டோஸுக்குப் போகும் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது.

பெரம்பூரில் லேப்டாப் சர்வீஸ் கடை நடத்துகிறேன். செமஸ்டர் முடியும் நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் இதே பிரச்சினையோடு வருவார்கள். லேபுக்காக உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருப்பார்கள், பரீட்சை முடிந்ததும் இடம் வேண்டும் என்று அழித்திருப்பார்கள். "அக்கா, உபுண்டுவை டெலீட் பண்ணினேன், லேப்டாப்பே போச்சு" என்று முகம் வாடி நிற்பார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு நின்றுபோனதிலிருந்து, பழைய மெஷினில் லினக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுக்கிறவர்களும் வருகிறார்கள். இவர்களில் சிலரிடம் வேறு எங்கோ "ஃபார்மட் போட்டால்தான் சரியாகும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். புராஜெக்ட், குடும்பப் போட்டோ, கடைக் கணக்கு எல்லாம் அதில்தானே இருக்கிறது! அதைக் கேட்கும்போது எனக்கு மனசு ஆறாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். புரிந்துவிட்டால் பயம் போய்விடும். இன்றைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போடும்போது அது மூன்று இடங்களில் உட்காருகிறது. ஒன்று, நீங்கள் ஒதுக்கிக் கொடுத்த பார்ட்டிஷன். இரண்டு, டிஸ்கில் தனியாக இருக்கும் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். பெரும்பாலும் 100 எம்பி அளவுள்ள அந்தச் சின்ன இடத்தில்தான் விண்டோஸ் தன் துவக்க ஃபைல்களை வைத்திருக்கும், அதற்குப் பக்கத்திலேயே லினக்ஸும் ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். மூன்று, மதர்போர்டின் நினைவகம். "ஆன் செய்ததும் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்" என்ற பட்டியல் அங்கே இருக்கிறது, அதில் உபுண்டுவின் பெயர் முதலில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் நீங்கள் அழித்தது முதலாவதை மட்டும்தான். மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. மதர்போர்டு பட்டியலைப் பார்த்து கிரப்பை எழுப்புகிறது, கிரப் தன் லினக்ஸ் பார்ட்டிஷனைத் தேடுகிறது, காணோம் என்றதும் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆன் செய்ததும் மதர்போர்டில் முதலில் ஓடும் மென்பொருளில் இரண்டு வகை உண்டு. இதெல்லாம் யுஇஎஃப்ஐ என்ற புது வகை மெஷின்களுக்கு. பழைய பயாஸ் வகையில் கதையே வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசிப் பேருடைய நேரம் வீணாகிறது. வீடியோக்களில் எல்லாவற்றுக்கும் ஒரே கமாண்டைச் சொல்கிறார்கள். பழைய வகைக்கான அந்தக் கமாண்டைப் புது லேப்டாப்பில் எத்தனை முறை அடித்தாலும் கிரப் நகராது.

உங்களுடையது எந்த வகை என்று திரையே ஓரளவு சொல்லிவிடும். வெறும் "கிரப்" என்று வந்து நின்றால் பெரும்பாலும் புது வகை. "கிரப் ரெஸ்க்யூ" என்று வந்து, மேலே "நோ சச் பார்ட்டிஷன்" என்றும் இருந்தால் பெரும்பாலும் பழைய வகை. விண்டோஸுக்குள் போக முடிந்தால் உறுதியாகவே பார்த்துவிடலாம். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, எம்-எஸ்-இன்ஃபோ-32 என்று அடியுங்கள். வரும் பட்டியலில் பயாஸ் மோட் என்ற வரியில் யுஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும்.

கமாண்டுகளை நான் போனில் சொல்வது போலவே எழுத்துக்கூட்டித் தருகிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். நடுவில் வரும் சிறு கோடுகளை அடிக்க வேண்டாம், எழுத்தைப் பிரித்துக் காட்டத்தான் அவை. 64, 32 மாதிரி எண்கள் அப்படியே எண்கள்தான்.

சரி, முதலில் புது வகை. விண்டோஸுக்குள் நுழைவதுதான் முதல் வேலை. கிரப் திரையில் எக்ஸிட் என்று அடித்து என்டர் தட்டிப் பாருங்கள். நிறைய லேப்டாப்களில் பட்டியலில் அடுத்து இருக்கும் விண்டோஸ் தானாக வந்துவிடும். வரவில்லையா? மெஷினை அணைத்து, ஆன் செய்த கையோடு பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசஸ் என்றால் எஸ்கேப். வரும் பட்டியலில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் வந்துவிடும். பிள்ளைகள் முகத்தில் ரத்தம் திரும்புவது இந்த இடத்தில்தான்.

உள்ளே போனதும் வேறு எதையும் தொடுவதற்கு முன், டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா (ரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டப்பட்டிருக்கிறதா) என்று பாருங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால், துவக்க வரிசையை மாற்றியதும் சில மெஷின்களில் விண்டோஸ் சந்தேகப்பட்டு பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டின் ரெகவரி கீயைக் கேட்கும். 48 இலக்கம் கொண்ட எண் அது. அது இல்லாவிட்டால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது. இந்தக் கட்டுரையில் உண்மையிலேயே ஆபத்தான இடம் இது ஒன்றுதான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, டிவைஸ் பகுதியில் அந்தக் கீயை எடுத்து நோட்டில் எழுதிவையுங்கள். கணக்கைத் திறந்து தந்தவர் கல்லூரி சீனியரா, கடைக்காரரா, அந்த மெயில் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீயை எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுக்கொள்ளுங்கள், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருப்பது நல்லது. மே மாத மத்தியானத்தில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

இப்போது மதர்போர்டு பட்டியலில் உள்ள பெயரை நீக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் சி-எம்-டி என்று தேடி, கமாண்ட் ப்ராம்ப்ட் மேல் ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள். பவர்ஷெல் வேண்டாம், நெளிவு அடைப்புக்குறி போட்டால் அது வேறு மாதிரி புரிந்துகொள்ளும். திறந்த கருப்பு ஜன்னலில் இதை அடியுங்கள்:

பி-சி-டி-எடிட், ஓர் இடைவெளி, ஸ்லாஷ் போட்டு ஈ-என்-யூ-எம், ஓர் இடைவெளி, ஃபர்ம்வேர்.

நீளமாக ஒரு பட்டியல் விழும். அவசரப்படாமல் மேலிருந்து படியுங்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் ஐடென்டிஃபையர், பாத், டிஸ்கிரிப்ஷன் என்று வரிகள் இருக்கும். டிஸ்கிரிப்ஷனில் உபுண்டு என்று இருக்கும் தொகுப்புதான் உங்களுக்கு வேண்டியது. அதன் பாத் வரியில் உபுண்டு ஃபோல்டரும் ஷிம் என்று தொடங்கும் ஃபைல் பெயரும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். லினக்ஸ் மின்ட் போட்டிருந்தவர்களுக்கும் பெரும்பாலும் உபுண்டு என்றே காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஃபெடோரா, டெபியன் என்றால் அந்தந்தப் பெயர். அந்தத் தொகுப்பின் ஐடென்டிஃபையர் நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கும். கையால் அடித்தால் ஓர் எழுத்தாவது தவறும். மவுஸால் இழுத்து, அடைப்புக்குறியோடு சேர்த்துக் காப்பி செய்துகொள்ளுங்கள். பட்டியல் முழுவதையும் போனில் ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பி-சி-டி-எடிட், இடைவெளி, ஸ்லாஷ் டெலீட், இடைவெளி, காப்பி செய்ததை ஒட்டி, என்டர். வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று ஒரு வரி வர வேண்டும். அடைப்புக்குறிக்குள் பூட்-எம்-ஜி-ஆர் என்றோ எஃப்-டபிள்யூ-பூட்-எம்-ஜி-ஆர் என்றோ சின்னச் சொல்லாக இருப்பவை விண்டோஸுக்குச் சொந்தமானவை. அவற்றைத் தொடவே கூடாது.

நிறையப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் வேலையும் செய்யும். ஆனால் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள ஃபோல்டரையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. சில மெஷின்களில் மீண்டும் உபுண்டு தலைகாட்டுவது அந்த ஃபோல்டரால்தான். அதே கருப்பு ஜன்னலில் மவுன்ட்-வி-ஓ-எல் என்று ஒரே சொல்லாக அடித்து, இடைவெளி, எஸ் எழுத்தோடு முக்காற்புள்ளி (கோலன்), இடைவெளி, ஸ்லாஷ் எஸ் கொடுங்கள். ஒளிந்திருந்த அந்தச் சின்னப் பார்ட்டிஷன் எஸ் டிரைவ் என்று வந்துவிடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அதைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று சொல்லும். கமாண்ட் ஜன்னலிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

அழிக்கும் முன் ஒரு நகல். ரோபோகாப்பி, இடைவெளி, எஸ் முக்காற்புள்ளி பேக்ஸ்லாஷ் இ-எஃப்-ஐ, இடைவெளி, சி முக்காற்புள்ளி பேக்ஸ்லாஷ் இ-எஃப்-ஐ-பேக்கப், இடைவெளி, ஸ்லாஷ் ஈ. விண்டோஸ் அந்த நேரத்தில் பிடித்துவைத்திருக்கும் ஒன்றிரண்டு ஃபைல்கள் நகலாகாமல் அங்கேயே நின்று திரும்பத் திரும்ப முயன்றால், கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்திவிட்டு, அதே வரியின் முடிவில் ஸ்லாஷ் ஆர் முக்காற்புள்ளி பூஜ்யம் சேர்த்து மறுபடி அடியுங்கள். அவற்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளும்.

நகல் ஆனதும் எஸ் முக்காற்புள்ளி என்று அடித்து என்டர். அடுத்து சி-டி, இடைவெளி, இ-எஃப்-ஐ. பிறகு டி-ஐ-ஆர் அடித்தால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு என்று மூன்று இருக்கலாம். லேப்டாப் கம்பெனி பெயரில் ஒரு ஃபோல்டரும் இருக்கலாம், அது அவர்களுடைய சோதனைக் கருவிகளுக்கானது. உபுண்டு தவிர வேறு எதன் மேலும் கை வைக்காதீர்கள். ஆர்-டி, இடைவெளி, ஸ்லாஷ் எஸ், இடைவெளி, உபுண்டு. நிச்சயமா என்று கேட்கும், ஒய் கொடுங்கள்.

இன்னும் ஓர் இடம் பாக்கி. டி-ஐ-ஆர், இடைவெளி, பூட் என்று அடித்து பூட் ஃபோல்டரைப் பாருங்கள். அங்கே பூட்-எக்ஸ்-64 என்ற ஃபைல் இருக்கும். பட்டியலில் யாருமே கிடைக்காதபோது மதர்போர்டு கடைசியாகக் கூப்பிடுவது அதைத்தான். அதற்குப் பக்கத்தில் எஃப்-பி-எக்ஸ்-64 என்று ஒன்று இருந்தால், லினக்ஸ் அங்கேயும் தன்னுடைய ஃபைலை வைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த எஃப்-பி-எக்ஸ்-64-இன் வேலையே, பட்டியலிலிருந்து நீங்கள் அழித்த பெயரைத் திரும்ப எழுதுவதுதான். "எத்தனை தடவை அழித்தாலும் உபுண்டு வந்துகொண்டே இருக்கிறது" என்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது. மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டரில் இருக்கும் பூட்-எம்-ஜி-எஃப்-டபிள்யூ என்ற ஃபைலை, இங்கே பூட்-எக்ஸ்-64 என்ற பெயரில் காப்பி கமாண்டால் மேலெழுதிவிடுங்கள். இரண்டு பெயர்களுக்குப் பின்னாலும் புள்ளி வைத்து இ-எஃப்-ஐ சேர்க்க வேண்டும். அப்புறம் எஃப்-பி-எக்ஸ்-64-ஐ அழித்துவிடலாம். அது இல்லவே இல்லை என்றால் பூட் ஃபோல்டரை அப்படியே விடுங்கள்.

முடிந்ததும் சி முக்காற்புள்ளி அடித்து வெளியே வந்து, மவுன்ட்-வி-ஓ-எல், இடைவெளி, எஸ் முக்காற்புள்ளி, இடைவெளி, ஸ்லாஷ் டி. எஸ் டிரைவ் மறைந்துவிடும். ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இரண்டு டிஸ்க் உள்ள மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸை இரண்டாவது டிஸ்கில் போட்டிருந்தாலும், கிரப் பெரும்பாலும் முதல் டிஸ்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில்தான் போய் உட்கார்ந்திருக்கும். ரிச்சி தெருவில் புது எஸ்எஸ்டி வாங்கி மாட்டிவிட்டு, லினக்ஸ் இருந்த டிஸ்கைக் கழற்றி எடுத்த பிறகும் கிரப் வருவதற்குக் காரணம் இதுதான். மேலே சொன்ன அதே முறைதான் இதற்கும் மருந்து.

இனி பழைய பயாஸ் வகை. எங்கள் தெருவில் மளிகைக் கடை அண்ணாச்சியின் பில் போடும் டெஸ்க்டாப் அப்படித்தான். விண்டோஸ் 7 காலத்து மெஷின். சொந்தக்காரப் பையன் வேகமாக ஓடும் என்று லினக்ஸ் போட்டு, பில் சாஃப்ட்வேர் அதில் ஓடாததால் திரும்ப அழித்துவிட்டான். காலையில் கடை திறந்தால் கிரப் ரெஸ்க்யூ. தெருவில் பாதிப் பேருடைய கடன் கணக்கு அந்த டிஸ்கில் இருக்கிறது. "மெஷின் போனால் போகட்டும், கணக்கு இருக்காம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். "இருக்கு அண்ணாச்சி, கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று என்னால் நம்பிக்கையோடு சொல்ல முடிந்ததற்குக் காரணம் உண்டு.

இந்த வகையில் டிஸ்கின் முதல் 512 பைட்தான் எல்லாமே. அதில் முதல் 446 பைட் துவக்கக் குறிமுறை (பூட் கோட்), அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் முத்திரை. கிரப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த முதல் பகுதியையும், அதற்குப் பின்னால் டிஸ்கில் காலியாகக் கிடக்கும் கொஞ்சம் இடத்தையும்தான். நாம் மாற்றப்போவது துவக்கக் குறிமுறையை மட்டும். பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடுவதே இல்லை, அதனால் ஃபைல்கள் பத்திரமாக இருக்கும்.

கிரப் ரெஸ்க்யூவில் எக்ஸிட் வேலை செய்யாது. வெளியிலிருந்துதான் நுழைய வேண்டும். நண்பர் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் ஒரு விண்டோஸ் பென்டிரைவ் தயார் செய்யுங்கள், 8 ஜிபியாவது இருக்க வேண்டும். அந்தப் பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மெஷினைத் துவக்கினால் மொழி கேட்கும், நெக்ஸ்ட் கொடுங்கள். அடுத்த திரையில் நடுவில் பெரிதாக இன்ஸ்டால் நவ் என்று இருக்கும். அதை அழுத்தவே கூடாது. இடது கீழ் மூலையில் சின்ன எழுத்தில் "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" என்று இருக்கிறதே, அதுதான் நமக்கு. விண்டோஸ் 11-இன் புதிய பென்டிரைவ் என்றால் "ரிப்பேர் மை பிசி" என்று ஒரு தேர்வாக வரும். உள்ளே ட்ரபிள்ஷூட் போய் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறங்கள்.

பூட்-ஆர்-ஈ-சி என்று ஒரே சொல், இடைவெளி, ஸ்லாஷ் போட்டு ஃபிக்ஸ்-எம்-பி-ஆர். என்டர். அவ்வளவுதான். பென்டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட். பெரும்பாலும் விண்டோஸ் நேராக வந்துவிடும். அண்ணாச்சி மெஷினில் இந்த ஒரு வரியிலேயே வந்தது, கடன் கணக்கின் கடைசிப் பக்கம் வரை திறந்து பார்த்த பிறகுதான் அவர் கல்லாவுக்குப் போனார். பூட் மேனேஜரைக் காணோம் என்று பிழை வந்தால், திரும்பப் பென்டிரைவில் நுழைந்து அதே சொல்லோடு ஸ்லாஷ் ரீபில்ட்-பி-சி-டி கொடுங்கள். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தேடித் தரும், ஒய் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளும்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் அது. நிறைய வீடுகளில் அந்த லேப்டாப்கள் இன்னும் ஓடுகின்றன, தம்பி தங்கைகள் படிக்கிறார்கள். அதில் பாஸை எடுக்க நினைத்தால், அழிப்பதற்கு முன்பே பயாஸ் மோட் வரியைப் பார்த்து, லெகசி என்றால் மேலே சொன்ன பென்டிரைவ் வழியே ஃபிக்ஸ்-எம்-பி-ஆரை முதலில் கொடுத்து, விண்டோஸ் நேராக வருவதைப் பார்த்த பிறகு பார்ட்டிஷனை அழியுங்கள். புது வகைக்கும் இதே வரிசைதான் நல்லது: முதலில் பட்டியலில் உள்ள பெயர், அடுத்து ஃபோல்டர், கடைசியில் பார்ட்டிஷன். இந்த வரிசையில் செய்தால் கருப்புத் திரையே வராது.

கடைசியாக அந்தக் காலி இடம். விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்தும் இருக்காது, ஃபைல் சிஸ்டம் பெயரும் இருக்காது. நீங்கள் ஒதுக்கிய அளவை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இஎஃப்ஐ, ரெகவரி என்று எழுதியிருப்பவற்றை அழிக்கவே கூடாது. லினக்ஸுக்கு உரியதை மட்டும் டெலீட் வால்யூம் கொடுத்தால் அந்த இடம் காலி என்று காட்டும். அது சி டிரைவுக்கு ஒட்டினாற்போல வலது பக்கத்தில் இருந்தால், சி மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்துச் சேர்த்துவிடலாம். நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் குறுக்கே இருந்தால் எக்ஸ்டெண்ட் மங்கலாகிவிடும். அப்போது அதை நகர்த்தப் போராடாமல், காலி இடத்தில் புதிதாக ஒரு டிரைவ் உருவாக்கி, போட்டோ, வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் எடுத்துவைத்த இஎஃப்ஐ நகலை உடனே அழிக்காதீர்கள். ஒரு விண்டோஸ் அப்டேட் வந்து, மெஷின் சரியாக ரீஸ்டார்ட் ஆவதைப் பார்த்த பிறகு எடுத்துவிடலாம்.